காளானுக்குப் போட்ட தகரம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அப்பா தோட்டத்து ஆபீஸில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். தங்கச்சி பிறந்திருந்த நேரம். இருந்த ஒரே அறையில் அடுப்பு மூலைதான் நனையாது, அங்கே புகை. பிள்ளையைப் புகையில் போடுவதா, மழையில் போடுவதா என்று அம்மா முழித்துக்கொண்டிருந்தாள். தகரம் இல்லை என்பதே ஆபீஸின் பதில். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகும் அந்தப் பதிலை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு காளான் நிபுணர் வட்டகொடையில் ரயில் இறங்கி வந்தார். லயத்துக்குப் பின்னால் உளுத்துக் கிடந்த மரத்தில் ஊதா நிறத்தில் ஏதோ முளைத்திருந்தது. எங்களுக்கு அது தின்ன உதவாத காளான். அவருக்கோ அழிந்துகொண்டிருக்கும் அருமைச் சீவன். தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பெருமை தாங்கவில்லை. அதைத் தொட்டால் பேர் வெட்டு, வேலையும் போகும் லயமும் போகும் என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அறிவித்தார். மரத்தைச் சுற்றி வேலி, மேலே புத்தம் புதுத் தகரம். அதில் சிவப்புப் பெயிண்டில் 'அரிய உயிர், பாதுகாக்கவும்' என்று சிங்களத்தில் வேறு எழுதினார்கள். அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

தகரத்தடியில் மரம் காய்ந்தது, காளான் செத்தது.

கொஞ்ச நாளில் அதே காளான் எங்கள் கூரை விட்டத்தில் முளைத்தது. அங்கேதான் மழை தாராளமாக விழுந்ததே. இதைச் சாக்கிட்டாவது தகரம் வரும் என்று அப்பா சந்தோஷமாக ஆபீஸுக்கு ஓடினார். துரையும் நிபுணரும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். போன தடவை தகரம் போட்டதுதான் தப்பு, இந்தக் கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது, ஒழுக்கு இப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டுப் போனார்கள். கீழே தங்கச்சி இருமிக்கொண்டு கிடந்தாள். அவளை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து விட்டத்தைச் சுரண்டி அடுப்பில் போட்டாள். அடுத்த வாரம் கண்டாக்கையா வந்து காளான் எங்கே என்று கேட்டார்.

"அதுக்கு நான் பேர் வெட்டிட்டேங்க," என்றாள் அம்மா. "அங்க சும்மா கெடக்குற தகரத்தக் குடுங்க. பிள்ளைய எங்கங்க போடுறது?"

காளானைப் பாதுகாக்கும் பொறுப்பு கண்டாக்கையாவுடையது, விஷயம் வெளியே வந்தால் அவர் தலையும் உருளும். தானாகச் செத்துவிட்டது என்று துரையிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அப்பா தகரத்தைத் தூக்கி வந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா, கொஞ்சம் சிங்களம் படித்திருந்த என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எழுத்து உள்பக்கம் தெரியட்டும் என்று சொல்லி, அதற்கு நேர் கீழே தங்கச்சியைப் படுக்கப் போட்டாள்.