அப்பா வாங்கிய வல்லாரைத் தூள்

என் மனச்சோர்வுக்கென்று மகள் வல்லாரைக் குளிசை வாங்கி வந்திருந்தாள். போத்தலைத் திறந்ததும் காய்ந்த இலை மணம் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாயிருந்த யுத்தகாலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் நாங்கள் தம்பலகாமத்துக்கு ஓடிவந்தோம். அன்றிலிருந்து அம்மா யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி பாயிலேயே கிடந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, ஒரு சனிக்கிழமை சந்தையில் வல்லாரைத் தூள் வாங்கி வந்தார்.

"மனசுக்கு நல்லதாம். தேனில குழைச்சுச் சாப்பிடும்."

அம்மா அதை முகர்ந்தார். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார்.

"இது முருங்கையிலை. ஆர் உங்கள ஏமாத்தினது?"

அப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கென்ன தெரியும்? நீர்தான் பார்த்து வாங்கோணும்."

"வாங்குவானேன்? வரம்பெல்லாம் வல்லாரை நிக்குது. வேரோட பிடுங்கினா ஆரும் ஏமாத்த ஏலாது."

அம்மா எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு வயலுக்கு நடந்தார். அப்பா செருப்பைத் தேடாமலே பின்னால் போனார்.