ஜப்தாய் நிரவிய நிலம்

எங்கள் ஊர் கவ்கமேலாவில் ஜப்தாயை அறியாதவர் கிடையாது. வாற்கோதுமை விதைப்பவன், வாய் ஓயாதவன், வேலைக்குக் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. நாலு வயது மகள் தப்யா காய்ச்சலில் போன பிறகுதான் அந்த வாய் அடங்கியது. வயல் மூலையில் புதைத்தான். அமாவாசைதோறும் அவனும் மனைவி ஷப்பீராவும் அந்த மேட்டில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஊற்ற ஆளில்லாவிட்டால் செத்தவர்கள் மண்ணுக்குள் தாகத்தோடு கிடப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கிரேக்கப் படையோடு மோத எங்கள் வயல்கள்தான் பாரசீக ராஜாவின் கண்ணில் பட்டன. சக்கரத்தில் அரிவாள் கட்டிய தேர்கள் ஓட மேடு பள்ளம் இருக்கக் கூடாதாம். ஊரையே மண்வெட்டியோடு இழுத்துப் போனார்கள். மரம், வரப்பு, எல்லைக்கல் எதையும் விடவில்லை.

"அது என்ன மேடு?" என்றான் மேற்பார்வைக்காரன்.

"எம் மவளைப் பொதைச்ச எடம்யா. சின்ன மேடுதான்."

"சின்னதுதானே? சீக்கிரம் முடிஞ்சிரும். வெட்டு."

அடுத்தவன் கை படக் கூடாதென்று ஜப்தாயே நிரவினான்.

"எடம் ஞாபகம் இருக்குமா?" என்றாள் ஷப்பீரா.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்டி."

சண்டையன்று மலைக்கு ஓடிவிட்டோம். தேர்கள் பாய்ந்து வந்தபோது கிரேக்கர்கள் விலகி வழிவிட்டார்களாம். அவ்வளவுதான். இதற்காகவா எங்கள் முதுகை ஒடித்தார்கள்? தோற்ற ராஜா ஓடிவிட்டார். ஜெயித்தவர்கள் நாற்றம் தாங்காமல் கிளம்பிவிட்டார்கள். மிச்சப் பிணங்களைக் கிடந்த இடத்திலேயே நாங்கள்தான் புதைத்தோம்.

அடுத்த அமாவாசைக்கு இருவரும் குடத்தோடு போனார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே மண்.

"இங்கதான்," என்றான் ஜப்தாய்.

"இல்ல, அதோ அங்க."

"எனக்குத் தெரியாதா?"

"கண்ணைக் கட்டினாலும் போவேன்னியே. இப்போ தொறந்துதானே இருக்கு?"

அதன்பின் அவன் ஓரிடத்தில் ஊற்றினான், அவள் ஓரிடத்தில் ஊற்றினாள். வருஷக்கணக்காக இப்படியே போனது.

ஷப்பீரா சாகும்போது, "என்னை அவ பக்கத்துல போடு" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் அவள் ஊற்றிய இடத்தைத் தோண்டினோம். பிறகு அவன் ஊற்றிய இடத்தை. பிறகு நடுவில், ஓரத்தில், கை போன இடத்திலெல்லாம். வெட்டிய பக்கமெல்லாம் எலும்பு வந்தது. ஜப்தாய் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்தான்.

"பெருசா இருக்கு," என்று சொல்லிச் சொல்லிக் கீழே வைத்தான்.