முப்பது ஜோடியும் ஒரு ஒத்தையும்

பட்டம்மாளுக்கு எதையும் ஜோடியாக எண்ணித்தான் பழக்கம். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாகப் பேக்கிங் செக்‌ஷனில் நிற்கிறவள். மாமனார் சாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரோ கேட்டபோது, "நாப்பத்தஞ்சு ஜோடி இருக்கும்" என்றாள். அவள் வீட்டுத் தட்டில் இட்லிகூட ஒற்றைப்படையில் விழாது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவுக்கு அவள் தலைவியானது ஆசைப்பட்டு அல்ல. மகள் தமிழினி தொலைத்த தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போன அன்றுதான் அங்கே தேர்தல். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது; உட்கார்ந்தாள். வந்திருந்த பெற்றோர் கைதட்டினார்கள். எதற்கென்று கேட்பதற்குள் தலைமையாசிரியை ஹெலன் கையெழுத்தே வாங்கிவிட்டார். பாட்டில் இன்றுவரை கிடைக்கவில்லை.

பதவிக்கு வந்த பிறகுதான் அரசாங்கத்தின் கணக்கு புரிந்தது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று என்றால் மூன்று. ஆகஸ்ட் முதல் தேதி எத்தனை தலையோ, வருஷம் முழுக்க அதுதான். ஒரு தலை குறைந்தால் மூன்றாவது ஆசிரியை 'உபரி' ஆகிவிடுவார். மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே காலியோ அங்கே போக வேண்டியதுதான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி மேய்ப்பது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அந்த மூன்றாவது ஆசிரியை நிஷா. அவர் வருவதற்கு முன்பு, மூன்றாம் வகுப்புத் தமிழினிக்குப் புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி வரும். இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் உரக்க வாசித்து வீட்டு மானத்தை வாங்குகிறாள். நிஷா போய்விட்டால் வயிற்றுவலி திரும்பிவிடும் என்பதுதான் பட்டம்மாளின் பயம். அதனால் கோடை முழுக்க, கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீடு வீடாகப் போனாள். "டை கட்னா இங்கிலீஷு வந்துடுமா? எங்க மேனேஜருகூடத்தான் டை கட்றாரு. லீவு லெட்டர் எழுத ஆள் தேடறாரு" என்று பேசிப் பேசியே தனியார் பள்ளி வேனிலிருந்து பிள்ளைகளை இறக்கினாள். ஜூலைக் கடைசியில் பதிவேட்டில் சரியாக அறுபத்தொன்று.

முதல் தேதி காலை கல்வி அலுவலகத்திலிருந்து வேதாசலம் வந்தார். முதல் வேலையாகச் சத்துணவுக் கூடத்து நிழலில் உட்கார்ந்து, காற்று வாங்கி, அங்கிருந்த அன்றைய சத்துணவுப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் போட்டார். பிறகு பட்டம்மாளைக் கூப்பிட்டார்.

"எச்.எம். சொல்ற கணக்கு எல்லா ஊர்லயும் அறுபத்தொண்ணுதாம்மா. நீ எண்ணி கையெழுத்து போடு."

ஆசிரியைகள் இருவரையும் வகுப்பைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஹெலன் மதில் ஓரத்தில் செல்போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். வருகைப் பதிவு ஏற்றும் அளவுக்கு அங்கேதான் டவர் கிடைக்கும்.

பட்டம்மாள் பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்தாள். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று பெட்டிக்குள் அடுக்குகிற வேகத்தில் எண்ணிக்கொண்டு போனாள். வரிசைக் கடைசியில் தமிழினி தனியாக நின்றாள். அன்று காலை இரண்டு கையிலும் வேப்பம் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் அவளோடு கைகோக்க யாரும் வரவில்லை. கம்பெனியில் ஒத்தைப் பீஸ் வந்தால் ஓரத் தட்டில் ஒதுக்கி வைப்பார்கள். ஜோடி வந்தால்தான் கணக்கு. பட்டம்மாளின் கை தன்பாட்டுக்கு நீண்டது.

"நீ ஓரமா நில்லுடி" என்று மகளை நகர்த்தினாள். "முப்பது ஜோடி, சார்! ஃபுல்லு!"

வேதாசலம் எழுதினார். முப்பதும் முழுசாக முடிந்த நிம்மதியில், அவர் எழுதியதை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அவரும் கிளம்பிப் போனார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், சமையல் செய்கிற ராஜம்மாள் காலிக் குண்டானோடு வந்தாள்.

"எத்தினின்னு எழுதிக் குடுத்தே?"

"முப்பது ஜோடி."

"அறுபதா? நான் அறுபத்தொண்ணு முட்டை வேவிச்சேன், அத்தினியும் காலி. மிச்ச ஒண்ணை எந்தப் பேய் துன்னுச்சு?"

பட்டம்மாள் தமிழினியைப் பார்த்தாள். அந்தப் பேயின் வாயோரத்தில் இன்னும் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது.

சத்துணவுப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கி, மகளை இழுத்துக்கொண்டு சர்தார் பாஷாவின் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். "இன்னாக்கா, பேஜாரா?" என்றவனிடம், "பேசாம ஓட்டுடா, பெத்த புள்ளையையே விட்டுட்டேன்" என்றாள்.

அடுத்த ஊர்ப் பள்ளியில் வேதாசலம் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு வுட்டுட்டேன், சார். இவதான்."

"கையெழுத்து போட்டா போட்டதுதாம்மா. அப்புறம் பாக்கலாம்."

"கப்பலுக்குப் போன பெட்டியையே தப்புன்னா திருப்பிக் கொண்டாருவோம், சார். உங்க பேப்பர் பையிலதானே இருக்குது?"

"ரூல் இல்லம்மா."

பட்டம்மாள் பதிவேட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். "முட்டை அறுபத்தொண்ணுன்னு இருக்குது. கீழ உங்க கையெழுத்து. இந்தப் பேப்பர்ல புள்ளைங்க அறுபது. இதுலயும் உங்க கையெழுத்து. காலைல சமையல்கட்டுல உக்காந்திருந்த வெளியாளு நீங்க ஒருத்தர்தான், சார்."

வேதாசலத்துக்குப் புரை ஏறியது. "நான் முட்டை தொட்டு ரெண்டு வருஷம் ஆவுதும்மா! சோளிங்கர் சாமிக்கு வேண்டிக்கிட்டு வுட்டுட்டேன்!"

"அது எனக்குத் தெரியும், சார். ஆடிட்டுக்குத் தெரியுமா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தாளை எடுத்தார். தமிழினி எட்டிப் பார்த்து, தலைகீழாகவே உரக்க வாசித்தாள்: "மாணவர் எண்ணிக்கை அறுபது மட்டும். சார், இதுல நான் இல்லியே?"

"எந்த டீச்சரும்மா உனக்கு?"

"நிஷா மிஸ்ஸு."

வேதாசலம் பெருமூச்சுவிட்டு, அறுபதை அடித்து அறுபத்தொன்று என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கமாக ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே பட்டம்மாளும் போட்டாள், இந்த முறை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு. தாளை அவர் பையில் போடப் போனபோது வரவில்லை. தமிழினியின் கைப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில், தமிழினி முன்னால் சாய்ந்து சர்தார் பாஷாவிடம் முறையிட்டாள்.

"மாமா, எங்கம்மா என்னை ரிஜெக்ட்ல போட்டுட்டாங்க."

"வாயை மூடு" என்றாள் பட்டம்மாள். "ஓரத் தட்டுலதாண்டி வெச்சேன். அதான் வந்து எடுத்துக்கினேன் இல்ல?"

கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஊர் வரும்வரை பிரியவில்லை, பிரிக்கவும் முடியவில்லை.