செல்லபாய் டீச்சரும் கணவாய்க் காற்றும்

பெண்பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பிள்ளைகளைச் சமாளிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி ஊராருக்குப் பதில் சொல்வது. என்னைப்போல் விசில் ஊதிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேரே இருந்த ஒரு மிஷன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாவது டிரில் டீச்சராகச் சேர்ந்தேன். முதல் டீச்சர் செல்லபாய். உள்ளூர்க்காரர். மதராஸில் பயிற்சி முடித்துத் திரும்பும்போது கூடைப்பந்து ஆட்டத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். ஆள் குள்ளம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரப்பர் ஷூவோடு மைதானத்தில் இறங்கினால் குரல் பக்கத்து ஊர்வரை கேட்கும். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் பேசினவர் அவருடைய ஜெப வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொன்னார். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முன்கூட்டியே மன்னிப்பு

எங்கள் பிள்ளைகள் ஓடுவார்கள், குதிப்பார்கள், குறிபார்த்து எறிவார்கள். ஆனால் காலில் யாராவது பட்டுவிட்டால் போதும், அப்படியே நின்று, குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வேதக்காரப் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள் என்ற வித்தியாசமே இல்லை. பந்து காலில் பட்டால் பந்துக்கும் அதே மரியாதை. இவள் குனிந்து எழும்புவதற்குள் எதிர்க்கட்சி பந்தைக் கூடையில் போட்டிருக்கும்.

நான் திட்டிப் பார்த்தேன். முகம் வாடியதே தவிர பழக்கம் போகவில்லை. செல்லபாய் டீச்சர் திட்டவில்லை. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கட்சியையும் எதிரெதிரே நிறுத்தினார். ஒருவர் காலை ஒருவர் தொட்டு எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பந்தையும் நடுவில் வைத்துத் தொட்டுக்கொண்டார்கள். பிறகு விசிலை எடுத்துச் சொன்னார்: "இன்னைக்குள்ள மன்னிப்பு எல்லாம் கேட்டாச்சு மக்கா. இனி எவளாவது குனிஞ்சா வெளிய நிறுத்திருவேன்."

கடல்காரர் கட்டிய வலை

கூடைக்கு இரும்பு வளையம் கொல்லர் அடித்துக் கொடுத்தார். வலைக்கு எங்கே போவது? போர்டிங்கில் இருந்த ஒரு பிள்ளையின் தகப்பனார் தேங்காய்ப்பட்டணத்துக் கடல்காரர், மீன்பிடிதான் தொழில். மகளைப் பார்க்க வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது நல்ல உறுதியான நூலில் இரண்டு வலை கட்டிக் கொண்டுவந்தார். என்ன நேர்த்தி! மாட்டினோம், பந்தை எறிந்தோம், விழுந்தது. விழுந்த பந்து கீழே வரவில்லை. அடியை இறுக முடிந்திருந்தார்.

ஏணி வைத்து ஏறித்தான் பந்தை எடுத்தோம். அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று டீச்சர் பக்குவமாக விளக்கினார். மனுஷர் முடிச்சை அவிழ்த்துத்தான் கொடுத்தார், ஆனால் மனசே இல்லை. போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "வலையில விழுந்தது வெளிய போச்சுன்னா, நாங்க அதுக்கு வலைன்னு பேரு சொல்லமாட்டோம் டீச்சர்."

கிடுகு மறைப்பு

பிறகுதான் வந்தது வினை. எங்கள் மைதானம் ரோட்டை ஒட்டியது. வயசுக்கு வந்த பிள்ளைகள் நாலுபேர் பார்க்க ஓடுவதா என்று பள்ளிக் கமிட்டியில் புகார் வைத்தார் பலசரக்குக் கடை மாசிலாமணி அண்ணாச்சி. அவருடைய மகள் எஸ்தர்தான் எங்கள் கட்சியில் முதல் ஆள். கமிட்டி தீர்ப்புச் சொன்னது: சுற்றிலும் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தால் ஆடலாம், மறைப்பு இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை, தொடர்ந்து நடத்துவதா என்பதை வருஷக் கடைசிக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவரே கட்டட்டும் என்று மறைப்பு வேலையை அண்ணாச்சியிடமே விட்டார்கள். கட்டினார். ஆனி மாசம் கணவாய்க் காற்று அடித்த அடியில் கிடுகு முழுக்கப் பக்கத்து வயலில் கிடந்தது. மறுபடி கட்டினார், மறுபடி போயிற்று. ஆட்டம் நடக்கையில் பிய்ந்தால் உடனே பிடித்துக் கட்ட ஆள் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது. டீச்சர் மிகப் பணிவாக ஒரு யோசனை சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க ஒத்தைக்கு எத்தனை பக்கம்தான் பிடிப்பிய? மத்த தகப்பன்மாரையும் கூட்டிட்டு வாருங்க."

வந்தார்கள். முதல் வாரம் முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்கள். பிறகு பக்கவாட்டில் திரும்பினார்கள். ஆடிமாசம் பிறந்தபோது கிடுகு தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது, அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கோபமாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளை பந்தப் பிடிச்சுக்கிட்டே ஓடுகா, நீங்க விசில் ஊதாம என்ன செய்யுகிய டீச்சர்?"

திருவனந்தபுரத்தில்

ஆவணியில் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்று எங்களை ஆட அழைத்தது. துணைக்கு அண்ணாச்சியும் பஸ்ஸில் வந்தார். அங்கே மைதானத்தைச் சுற்றி உயரமான மதில், இலை அசையவில்லை. ஆட்டம் தொடங்கியது. எஸ்தர் எறிந்தாள், ஒரு சாண் விலகிப் போயிற்று. அடுத்தவள் எறிந்தாள், அதே ஒரு சாண். அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் தவறவிட்டார்கள். மாசக்கணக்காகக் கணவாய்க் காற்றுக்கு இடம்விட்டுக் குறிபார்த்துப் பழகிய கைகள். காற்று இல்லாத ஊரில் என்ன செய்யும்?

இடைவேளையில் பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏட்டி, காத்து நம்ம கூட பஸ் ஏறல்ல. கூடையப் பாத்து எறியுங்க" என்றார், அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் எஸ்தர் போட்டது ஒவ்வொன்றும் வளையத்தில் படாமல் விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். அண்ணாச்சி ரெஃப்ரியை முறைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தோற்ற நினைப்பே இல்லை, நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். அந்தப் பள்ளி டீச்சர் பின்னாலேயே வந்து கேட்டார்: "எங்களை ஏமாத்தவா முதல் பாதியில அப்படி எறிஞ்சீங்க?"

கமிட்டிக் கூட்டம்

வருஷக் கடைசிக் கூட்டம் வந்தது. கிடுகு நிற்காது என்று தெரிந்துபோயிற்று, கல் மதில் கட்டப் பணமில்லை, ஆகவே ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார் தலைவர். செல்லபாய் டீச்சர் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்டம் போனால் அவரிடம் வேறென்ன இருக்கிறது?

அப்போது மாசிலாமணி அண்ணாச்சி எழுந்தார். புகார் வைத்த மனிதராயிற்றே, ஆமாம் போடத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவர் பேசி முடித்ததும் கயிறு பிடித்த தகப்பன்மார் எல்லாரும் சேர்ந்து எழுந்துவிட்டார்கள். டீச்சர் குனிந்து கண்ணைத் துடைத்தார். ஆட்டம் பிழைத்தது, மறைப்பும் ஒழிந்தது. அண்ணாச்சி சொன்னது இதுதான்: "மதிலும் வேண்டாம், கிடுகும் வேண்டாம் ஐயா. எம் மக தோத்ததுக்கு அந்த ரெஃப்ரிதான் காரணம்னு நான் சொன்னா ஊரு நம்பணும்லா. அதுக்கு அவ ஆடுகத ஊரு பாக்காண்டாமா?"

பிள்ளைகளுக்குப் பந்து எறிய நானும் சொல்லிக்கொடுத்துவிடுவேன். தகப்பன்மாரைப் பழக்கி எடுக்கத்தான் இனி ஒரு செல்லபாய் டீச்சருக்கு எங்கே போவேன்.