டெமியின் கண்ணாடி மணிக்கு எட்டுச் சாட்சிகள்

கோபம் வந்தால் சிட்ஸ்கே போஸ்ட்மஸ் குரலை உயர்த்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எங்கள் ஊரான டெல்ஃப்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினொரு வருடம் லென்ஸ் வில்லை தீட்டியவர். முப்பத்தாறு வயதில் எங்கள் பள்ளியின் தொழில் பிரிவுக்கு அறிவியல் ஆசிரியை ஆனார். இப்போது வயது ஐம்பத்து மூன்று. அவரிடம் நான் பயிற்சி ஆசிரியையாக இருந்த ஐந்து மாதத்தில் அந்தக் கண்ணாடி நாலு தடவை கழன்றது. நாலாவது தடவை என்னால்.

எங்கள் நாட்டில் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். சிலர் லத்தீன் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள், சிலர் தொழிலுக்கு. எங்கள் பள்ளியில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தன. பொதுவாக இருந்தது சைக்கிள் கொட்டகை மட்டும்தான். நானும் தொழில் பிரிவில் படித்தவள். சான்றிதழ்மேல் சான்றிதழாக ஏறி, எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்க, மற்றவர்களைவிட மூன்று வருடம் கூடுதலாகப் பிடித்தது.

நுண்ணுயிர் பாடத்தை சிட்ஸ்கே புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்து, அவரவர் ஜீன்ஸில் ஒரு விரல் அகலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணச் சொன்னார்.

"முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல லேவன்ஹூக்னு ஒருத்தர் இப்படித்தான் எண்ணிட்டிருந்தாரு. துணி நல்லதா, மட்டமான்னு பார்க்க."

"எந்த காலேஜ்ல படிச்சாரு மிஸ்?"

"எதுலயும் இல்ல. துணிக்கடைக்காரரு. லத்தீன்ல ஒரு வார்த்தை தெரியாது."

"அப்ப நம்ம பிரிவு!" என்று பின்வரிசை கத்தியது.

பிறகு பிள்ளைகள் கண்ணாடிக் குச்சியைத் தீயில் காட்டி நூலாக இழுத்து, அந்த நூலின் நுனியை உருக்கி, கடுகைவிடச் சின்ன மணியாக்கினார்கள். துளையிட்ட இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே அந்த மணியைப் பொருத்தினால் நுண்ணோக்கி தயார். தண்ணீர், பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலிலிருந்து. லேவன்ஹூக் தண்ணீரில் கண்டதை லண்டன் அறிஞர்கள் முதலில் நம்பவில்லை. அவர் பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரைப் பார்க்கவைத்து, அவர்களிடம் எழுதி வாங்கி அனுப்பினார். அதனால் சிட்ஸ்கேயின் வகுப்பிலும் அதுதான் விதி. கண்டதை வரைய வேண்டும், அதை எட்டுப் பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

டெமி வான் டெர் கோய் என்ற பதினாலு வயதுப் பெண் இருபத்து மூன்று மணிகளைப் பாழாக்கினாள். ஒரு பக்கத்தை வாசிக்கவே திணறுகிறவள் அவள். இருபத்து நாலாவது மணியில், நூல் போன்ற தண்டின்மேல் ஒரு உயிர் சுருண்டு சுருண்டு நீள்வதைக் கண்டாள். தகட்டின் திருகில் அடையாளத்துக்குப் பச்சை நகப்பூச்சு தடவி வைத்தாள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவது நான். பார்த்தேன், அசந்துபோய்ப் போட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பள்ளியின் திறந்த நாள். புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் சுற்றிப் பார்க்க வருவார்கள். சிட்ஸ்கேக்கு வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லை. அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான் பள்ளியின் இயக்குநர் மென்னோ ஸ்டெல்லிங் வந்தார்.

"லொன்னகே, அந்த நுண்ணோக்கியெல்லாம் பெரிய ஹாலுக்குக் கொண்டுபோய் வை. அட்டையில 'லத்தீன் பிரிவு, முதலாண்டு'ன்னு அடிச்சிடு."

"ஆனா செஞ்சது எங்க பிள்ளைங்க..."

"ஒரே பள்ளிக்கூடம்தானேம்மா? யார் செஞ்சா என்ன? அங்க லத்தீன் பிரிவு மேசைதான் காலியா இருக்கு."

நான் அடித்தேன். சாட்சித் தாள்களை மேசைக்குக் கொண்டுபோகவில்லை, அவற்றில் பெயர்கள் இருந்தன. பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அட்டையைப் பார்த்தபோது, இவ்வளவு நுட்பமான வேலைக்கு லத்தீன் பிரிவு என்ற பெயர்தான் பொருத்தம் என்று எனக்கும் தோன்றியது. இன்றுவரை என்னை அரிப்பது அதுதான்.

சனிக்கிழமை டெமி தன் தங்கையோடும் அம்மாவோடும் வந்தாள். மேசையருகே நின்றுவிட்டாள்.

"அம்மா, இந்தப் பச்சைத் திருகு என்னோடது. நான் செஞ்சது."

"சும்மா இரு டெமி. அட்டையில என்ன போட்டிருக்குன்னு பாரு. மானத்தை வாங்காத."

மேசைக்குப் பின்னால் நின்ற லத்தீன் பிரிவுப் பையன் சங்கடமாகச் சிரித்தான். அப்போது சிட்ஸ்கே வந்தார். அட்டையைப் படித்தார். கண்ணாடி கழன்றது.

"இதை யார் அடிச்சது?"

ஸ்டெல்லிங் ஓடி வந்தார். "ஒரு சின்னத் தவறு சிட்ஸ்கே. வாங்க, ஆபீஸ்ல காபி குடிச்சிட்டுப் பேசுவோம்."

"உங்க காபியும் அதோட தர்ற ஒத்தை பிஸ்கட்டும் எனக்கு வேணாம். இங்கயே பேசுவோம். லத்தீன் தெரியாத மனுஷன் கண்டுபிடிச்சதைத் தொழில் பிரிவுப் பிள்ளைங்க திரும்பக் கண்டுபிடிச்சா, அதுக்கும் லத்தீன் பேரா? வெட்கமா இல்ல?"

அவர் வகுப்பறைக்குப் போய்ச் சாட்சித் தாள்களோடு திரும்பினார். டெமியுடையதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எட்டாவது கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அட்டை?"

"அதுவும் நான்தான்."

அட்டையைக் கிழிக்கக் கை நீட்டினேன். தடுத்தார். "கிழிச்சா சரியாயிடுமா? நீ எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்னு அந்தம்மாகிட்ட வாயால சொல்லு."

சொன்னேன். ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டெமியின் அம்மா தாளிலிருந்த எட்டுப் பெயர்களையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு நுண்ணோக்கியை எடுத்தார்.

"ஒண்ணும் தெரியலையேடி."

"கண்ணோட ஒட்டி வைம்மா. இன்னும் கிட்ட. மூச்சை அடக்கு."

அம்மா நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

ஸ்டெல்லிங் புது அட்டை அடிக்கச் சொன்னார். அதற்குள் டெமி நுண்ணோக்கியைத் தன் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இதை இங்க வைக்க மாட்டேன் மிஸ்."

"வைக்காதே," என்றார் சிட்ஸ்கே.

நான் புது அட்டை அடித்தேன், எல்லாப் பெயர்களோடும். டெமியின் பெயருக்கு நேரே மாலை வரை மேசை வெறுமையாக இருந்தது. அங்கே வேறு எதையாவது நகர்த்தி வைக்கும்படி ஸ்டெல்லிங் இரண்டு முறை சொன்னார். நான் வைக்கவில்லை.