பதினோரு பொட்டலம்

கான்கிரீட் ஊற்றச் சித்தையன் அடித்த சென்ட்ரிங் பலகையில் ஒரு சொட்டு சிமெண்ட் பால் ஒழுகியது என்று மைசூரில் ஒருவரும் சொன்னதில்லை. அங்கே விஜயநகர் பகுதியில் மட்டும் நாற்பத்து மூன்று வீடுகளுக்கு அவன் பலகை கட்டியிருந்தான். அவனுக்கே அந்தக் கணக்குத் தெரியாது. அவன் அக்கா பூவாத்தாளுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள்; ஒரு கட்டில் ஒரு குச்சி குறைந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். ஹனூரிலிருந்து தம்பியைக் கையோடு அழைத்து வந்து ஆளாக்கியவள் அவள்தான்.

1998 தை மாதம் அவனுக்கு இருமல் பிடித்தது. மாசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு பெயர் சொன்னார்கள்: டி.பி., எச்.ஐ.வி. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பூவாத்தாள் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். காரணம் கேட்டவர்களுக்கு ஜாதகம் சரியில்லை என்றாள்.

நர்ஸ் காவேரி தமிழில் விளக்கினாள். "எச்.ஐ.வி.க்குன்னு மாத்திரை வந்திருக்கு அக்கா, ஆனா நம்ம கைக்கு எட்டற விலையில்லே. அது எட்டற வரைக்கும் இவர் இருக்கணும்னா முதல்ல டி.பி. போகணும். தினமும் காலையில வெறும் வயித்துல மாத்திரை. ஒரு நாள் கூட விடக் கூடாது. குடி வேண்டாம், ஈரல் தாங்காது."

பூவாத்தாள் மூன்றையும் மனதில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மாதேஸ்வரன் படத்தின் முன் தம்பியை நிறுத்தி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்தாள். "குடிச்ச வாயில மாத்திரை படக் கூடாது. மாதேஸ்வரன் மேல ஆணையிடு." மாத்திரை உயிர் என்று அவனுக்குத் தெரியும், அதை இழக்கப் பயந்து சாராயத்தை விட்டுவிடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் ஆணையிட்டான்.

ஒவ்வொரு நாளுக்குமான மாத்திரைகளைத் தாளில் மடித்து, மேலே தேதி எழுதினாள். காலை ஆறு மணிக்குப் பொட்டலத்தையும் சொம்புத் தண்ணீரையும் கொடுப்பாள். அவன் பின்கட்டுக்குப் போவான். தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டதும் காலண்டரில் ஒரு டிக் போட்டுவிட்டுக் கம்பெனி வேனுக்கு ஓடுவாள்.

ஏழாவது வாரம் இருமல் குறைந்தது. பன்னிரண்டாவது வாரம் திரும்பி வந்தது. எடை இரண்டு கிலோ இறங்கியது. பூவாத்தாள் காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு டிக் கூட விடுபடவில்லை. அதுதான் அவளை இருப்புக்கொள்ளவிடவில்லை. கம்பெனியில் கட்டு எண்ணும்போது எண் தவறியது. பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவன் வேலை செய்யும் இடத்துக்கே போனாள். அன்று தார்சு, அதாவது கூரைக் கான்கிரீட், போட்டு முடித்திருந்தார்கள். தார்சு நாளில் வீட்டுக்காரர் கறிச்சோறு போட வேண்டும், மேஸ்திரி ஆளுக்கு இரண்டு சாராயப் பாக்கெட் தர வேண்டும். பலகை கட்டியவன் முதல் வாய் குடிக்க வேண்டும். மறுத்தால் தார்சு நிற்காது என்பார்கள். அந்த முதல் டம்ளர் சித்தையன் கையில் இருந்தது.

"பாருங்கப்பா, ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துட்டாங்க! எல்லாரும் கையைக் கட்டுங்க!" என்றார் மேஸ்திரி பசவராஜ். ஆட்கள் சிரித்தார்கள். "பன்னிரீ அக்கா, ஊட்டா மாடிட்டுப் போங்க," என்று கன்னடம் கலந்து அவளையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"அவன் வவுத்துக்கு ஆகாதுங்க மேஸ்திரி."

"சாராயம் ஆகாத வயித்தை நான் இன்னும் பாக்கலே."

நோயின் பெயர் இங்கே தெரிந்தால் நாளைக்கு அவனைச் சாரத்தில் ஏறவிட மாட்டார்கள். சித்தையன் அவள் முகத்தைப் பார்த்தான். டம்ளரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

முனை திரும்பியதும் அவள் வெடித்தாள். "ஆணையிட்டயேடா! மாதேஸ்வரன் மேல இட்டயே!"

"மீறுலக்கா." அவனுக்கு உண்மையாகவே வலித்தது. "ஒரு நாள் கூட மீறுல."

தூக்குக்குண்டு வைக்கும் பையைத் திறந்தான். அடியில் அவள் மடித்த பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் அவள் எழுத்தில் தேதி.

"தார்சுக்கு மறுநா வாயில சாராய வாடை இருக்குமல்ல? அதான் போடுல. வீசவும் மனசு வருல. நீ மடிச்சதாச்சே."

பூவாத்தாள் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் படித்தாள். சாராயத்துக்குக் கட்டிய வேலி மாத்திரையை அல்லவா தடுத்திருக்கிறது. கட்டியவள் அவள்.

மறுநாள் காவேரியின் மேஜையில் பதினோரு பொட்டலங்களையும் வரிசையாக வைத்தாள். காவேரி திட்டவில்லை. முதலில் அவன் கண்களை இழுத்துப் பார்த்தாள், சளியையும் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினாள். "குடிக்காம இருக்கறதுதான் நல்லது. ஆனா குடிச்சிட்டீங்கன்னு மாத்திரையை விட்டுடாதீங்க. விட்டு விட்டுப் போட்டா கிருமி பழகிடும், அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது. குடிச்சா எங்ககிட்ட மறைக்காமச் சொல்லுங்க. கண்ணு மஞ்சளாச்சுன்னா அன்னிக்கே ஓடி வாங்க."

வீட்டில் பூவாத்தாள் கற்பூரம் ஏற்றி மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். "தப்பு என்னுது சாமி. அவனைப் புடிக்காதே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு காலண்டரில் அந்தப் பதினோரு தேதிகளின் டிக்குகளையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள்.

அடுத்த தார்சு ஒன்பது நாள் கழித்து வந்தது. அன்று மாலை சித்தையன் வாசலிலேயே நின்று சொன்னான்: "மொத டம்ளரை முட்டுக்கம்பத்து அடியில ஊத்திட்டன்க்கா. பலகை கட்டுன கையிதான ஊத்துது, வாயில ஊத்துனா என்ன, கம்பத்துல ஊத்துனா என்னன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். சிரிச்சாரு, விட்டுட்டாரு." பையை இறக்கி வைத்தான். "ரெண்டாவதைக் குடிச்சுட்டேன்."

அவள் தட்டில் சோற்றைப் போட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவன் உள்ளங்கையில் கொட்டினாள். வாடை இன்னும் இருந்தது. அவன் பின்கட்டுக்குப் போகாமல் அவள் எதிரிலேயே விழுங்கினான். டிக் போட்டாள், பக்கத்தில் குடித்த நாளுக்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு வட்டமும் போட்டாள், காவேரியிடம் காட்ட.

வேன் நிற்கும் முனைவரை போனவள் பாதியில் திரும்பி ஓடி வந்தாள்.

சித்தையன் கதவருகே வாயை அகலத் திறந்துகொண்டு நின்றிருந்தான். "நீ வருவேன்னு தெரியும். நல்லாப் பாத்துக்க."

பூவாத்தாள் நாக்கின் அடிவரை பார்த்தாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.