ஏறாதவளுக்காக நின்ற பஸ்

டிப்ளமோ முடித்த கையோடு, செங்கல்பட்டுக்கு வெளியே வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் சொல்லாமல் ஒரு நாள் வராமல் போனாலும் நிரந்தரம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தப் போவதாகச் செய்தி வந்தது. நூறு பேர் வேலை செய்தாலே, ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்தது. அதை ஆயிரம் பேராக்கப் பார்த்தார்கள். நாங்கள் முந்நூறு சொச்சம். என் அப்பாவின் ஆலைக்கு மூட அனுமதி கிடைக்காததால்தான் அவர் ஓய்வு பெறும்வரை சம்பளம் வாங்கினார். கம்பெனி பஸ்ஸில் இதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று அடுக்கிச் சொன்னேன்.

நாடு முழுவதும் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று முடிவானபோது, என் பக்கத்து மேசை அக்கா கண்டிப்பாகச் சொன்னார்: "நிரந்தரமா இருக்கற நாங்க வரமாட்டோம். டிரெயினிங் பொண்ணுங்க பஸ் ஏறிடுங்கடி. வீரம் காட்டி வேலைய வுட்டுடாத."

அன்று காலை மாமல்லபுரத்தில் பயிற்சியில் இருந்த நாங்கள் நான்கு பேர் மட்டும் ஏறினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்கப் போகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

திருக்கழுக்குன்றத்தில் அக்காவும் மற்றவர்களும் சீருடையோடு, சாப்பாட்டுப் பையோடு நின்றார்கள். ஏறவில்லை. பெண்கள் பஸ் என்பதால், நிறுத்தத்தில் இருப்பவர்கள் "எல்லாரும் வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது கம்பெனி வைத்த வழக்கம்.

"ஏறுங்கம்மா, டைமாவுது," என்றார் டிரைவர்.

"இன்னும் ஒருத்தி வரணும்ண்ணா."

"யாரு?"

"வந்துகினு கீறா."

டிரைவர் அக்காவை ஒரு நிமிடம் பார்த்தார். என்ஜினை நிறுத்திவிட்டுப் பேப்பரை விரித்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது: அப்படி யாரும் வரப்போவதில்லை. கம்பெனி பஸ் தாமதமானால் அதில் இருப்பவர்களுக்கு ஆப்சென்ட் விழாது.

வெயில் ஏறியபோது, கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசர் பைக்கில் வந்தார்.

"ஏன்யா நிக்குது?"

"ஆள் வரணும் சார். போன வாரம் ஒரு பொண்ண வுட்டுட்டுப் போனதுக்கு நீங்கதான திட்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் வந்து எங்களிடம், "நாலு பேரும் எறங்குங்க. ஆட்டோ வைக்கறேன்" என்றார்.

மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "நடுவழியில எறங்கி வேற வண்டில ஏறக் கூடாது, அடிபட்டா கம்பெனி பொறுப்பில்லைன்னு சேர்ந்த அன்னிக்கு நீங்கதானே சார் சொன்னீங்க?"

கீழே யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆபீசர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு பைக்கை உதைத்தார். ஷிப்டு முடியும்வரை பஸ் அங்கேயே நின்றது. கீழே இருந்தவர்கள் எங்களுக்கு ஊறுகாய் கொடுத்தார்கள்.

அந்தத் திருத்தம் அப்போது சட்டமாகவில்லை. ஆனால் அந்த ஆபீசரின் பார்வையை நான் பல வாரம் மறக்கவில்லை. அவர் கூப்பிட்டு அனுப்பியபோது, போகிற வழியிலேயே பதில்களை வரிசைப்படுத்தினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. என் பச்சை அட்டையை வாங்கிக்கொண்டு, நிரந்தரத் தொழிலாளிகளின் நீல அட்டையைத் தள்ளினார்.

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். "போட்டோல இன்னாடி இப்படி முழிக்கிற?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.